ஃப்ரைட் ரைஸும் அஜினோமோட்டோ மேல போட்ட பழியும்

1/ மக்களே, போன வாரம் திருத்தணியில ஒரு ராத்திரி நானே பேஷண்ட் ஆகிட்டேன். வீட்ல சுகர் மாத்திரை போடுற பெரியவங்க இருந்தா இதைக் கடைசி வரை படிங்க.

2/ அப்பாவுக்கு மொட்டை வேண்டுதல். வயசு 74, இருபது வருஷ சுகர். 365 படியும் ஏறியே தீருவேன்னு அடம்பிடிச்சு, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிட்டார். காலையில இட்லி, மதியம் சாப்பாடு, சாயங்காலம் பஜ்ஜி. ராத்திரி ஏழு மணிக்கு, தமிழ்லயும் தெலுங்குலயும் போர்டு எழுதின ஒரு தள்ளுவண்டி. எனக்கும் அப்பாவுக்கும் வெஜ் ஃப்ரைட் ரைஸ், மனைவிக்கு நூடுல்ஸ், நடுவுல எல்லாருக்கும் ஒரு கோபி மஞ்சூரியன்.

3/ ஒன்பதரைக்கு லாட்ஜ்ல எனக்கு வாந்தி. கொஞ்ச நேரத்துல அப்பாவுக்கும். பதினொரு மணிக்கு அவருக்கு உடம்பெல்லாம் வியர்வை, பேச்சு குளறுது. குளுக்கோமீட்டர்ல 54! சாப்பாடு வெளியே வந்துடுச்சு, முன்னாடியே போட்ட மாத்திரை உள்ளே வேலை செய்யுது. குளுக்கோஸ் கரைச்சு மடக்கு மடக்கா கொடுத்தோம். 15 நிமிஷத்துல 81. அப்புறம்தான் எனக்கு உசுரே வந்தது.

4/ காலையில போன் பண்ணினவங்க எல்லாம், "அஜினோமோட்டோ சார், அப்படித்தான் பண்ணும்"னாங்க. நானும் கிளினிக்ல பல வருஷமா அதையேதான் சொல்லிட்டிருந்தேன். ஆனா அதே டப்பாவுல இருந்துதான் நூடுல்ஸுக்கும் தூவினார். மனைவிக்கு ஒண்ணும் ஆகலை. நாங்க ரெண்டு பேர் மட்டும் சாப்பிட்டது சோறு.

5/ இந்தப் பழி எங்கிருந்து வந்தது? 1908ல ஜப்பானில் கிகுனே இகேடா கடற்பாசியிலிருந்து பிரிச்செடுத்த சுவை அது. தக்காளியிலும் தாய்ப்பாலிலும்கூட குளுட்டமேட் இருக்கு. 1968ல அமெரிக்காவில் ராபர்ட் ஹோ மான் குவோக் என்ற டாக்டர், சீன ஹோட்டலில் சாப்பிட்டா பிடரி மரத்துப் போகுதுன்னு ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். சில காரணங்களை ஊகமாத்தான் சொன்னார். இதழ் போட்ட தலைப்பு 'சைனீஸ் ரெஸ்டாரன்ட் சிண்ட்ரோம்'. ஊகம் ஊருக்கெல்லாம் உண்மையாச்சு. வெறும் வயிற்றில் அளவுக்கு மீறினா சிலருக்கு லேசா தலைவலி வரலாம், அவ்வளவுதான்.

6/ என் சந்தேகம் பேசில்லஸ் சீரியஸ் மேல. டெஸ்ட் பண்ணலை, ஆனா நேரக்கணக்கு அப்படியே பொருந்துது. இதோட விதைகள் அரிசியை வேகவைச்சாலும் சாகாது. சோறு மணிக்கணக்கா வெளியே இருந்தா முளைச்சு, பெருகி, நஞ்சு சுரக்கும். திரும்ப வறுத்தாலும் அந்த நஞ்சு அழியாது. ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள்ள வாந்தி. 1970களில் பிரிட்டனில் இதைக் கண்டுபிடிச்சதும் ஃப்ரைட் ரைஸ்லதான். ஆறின சோறுதான் உதிரி உதிரியா வரும். அதனால மதியமே வடிச்சு வெச்சுடுவாங்க. அண்டாவுல மூடி இருந்ததை நானும் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் சாப்பிட்டேன்!

7/ இன்னொண்ணு. மஞ்சூரியாவில் மஞ்சூரியன் கிடையாது. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங், 1975 வாக்கில் மும்பையில் நம்ம இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயோட சோயா சாஸும் சோளமாவும் சேர்த்து உருவாக்கினது. அந்தக் கொல்கத்தா சீனர்கள் பல தலைமுறையா இங்கேயே வாழ்ந்தவங்க. 1962 போரப்போ ஆயிரக்கணக்கான இந்தியச் சீனர்களை ராஜஸ்தான் தேவ்லி முகாமில் அடைச்சோம். சாப்பாட்டை ஏத்துக்கிட்டோம், சந்தேகத்தை மட்டும் விடலை.

8/ நினைவில் வைங்க:
- வடிச்ச சோறு ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளியே வேண்டாம். அகலத் தட்டுல பரப்பி ஆறவிட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க.
- வாந்தின்னா ஓ.ஆர்.எஸ். கொஞ்சம் கொஞ்சமா.
- சுகர் மாத்திரை, இன்சுலின் போடுறவங்களுக்கு வாந்தி வந்தா உடனே சுகர் பாருங்க. 70க்குக் கீழேன்னா குளுக்கோஸ் அல்லது சர்க்கரைத் தண்ணி. நினைவு தப்பினா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108க்கு அடிங்க. அடுத்த டோஸை டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

9/ அப்பா இப்போ நலம். மொட்டைத் தலையைத் தடவிக்கிட்டே கேட்டார்: "அடுத்த கிருத்திகைக்குப் போனா நூடுல்ஸ் சாப்பிடலாம்ல?"