பழுதுபார்க்கும் கை

பாய்க்கப்பல் என்றதும் நம்மவர்க்கு இரண்டு நினைவுகளே எழுகின்றன. ஒன்று, சோழன் கடாரம் கொண்ட பழம்பெருமை; மற்றொன்று, செல்வர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வெண்பாய் விரித்து உலாவும் விளையாட்டு. முன்னதை மேடையில் பேசி மகிழ்கிறோம்; பின்னதைக் கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறோம். இவ்விரண்டுக்கும் நடுவே, அக் கலத்தை மிதக்க வைத்திருக்கும் கை ஒன்று உண்டு என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

இச் சிங்கையில் அந்தக் கை தமிழனுக்குப் புதியதன்று. தெலுக் ஆயர் சாலையில் 1828க்கும் 1830க்கும் இடையே சூலியா முஸ்லிம்கள் நாகூர் தர்காவை எழுப்பியபோது, அச் சாலைக்கு எதிரே கடல் இருந்தது. இன்று அங்கே கடலைத் தேடுவோர் காண்பது மாடமாளிகைகளையே. அந்நாளில் சிங்கப்பூர் ஆற்றில் சரக்கு ஏற்றியிறக்கிய தொங்கான்களில் முன்னணியில் நின்றவர்கள் அச் சூலியாக்களே. பின்னர் அத் தொழில் சீனர் கைக்கு மாறிற்று. துடுப்பும் பாயும் போய் யந்திரம் வந்தது. 1983இல் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பொருட்டுச் சரக்குப் படகுகள் யாவும் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. அக் காலத்தில் கலப்பற்று வைத்தவன் பெயரும், கயிறு முறுக்கியவன் பெயரும் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

நான் வீராசாமி சாலையருகே குடியிருப்பவன். தீவின் மேற்குக் கரையில் ஒரு படகுத்துறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாய்ப்படகுகளைச் செப்பனிட்டு வருகிறேன். அங்கு வருவனவெல்லாம் விளையாட்டுப் படகுகள் என்று நேயர்கள் நினைத்துவிட வேண்டாம். நாற்பதடி நீளப் படகையே வீடாகக் கொண்டு, கணவனும் மனைவியும், சிலபோது பிள்ளைகளும், நாடு நாடாகச் செல்வதுண்டு. இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்து, இங்கே தங்கிப் பழுதுபார்த்துக்கொண்டு, மலாக்கா நீரிணை வழியாக வடக்கே போவார்கள். அவர்களுட் பலர் செல்வரல்லர். வீட்டை விற்றுப் படகு வாங்கியவர்கள்.

படகில் செய்யும் வேலை இருவகைப்படும். இருப்பதைக் காப்பது ஒன்று. புதியதை வைப்பது மற்றொன்று. புதியதை வைப்பதில் எவர்க்கும் உற்சாகம் மிகுதி. இருப்பதைக் காப்பதோ வீட்டுச் சாக்கடையைக் கழுவுவதுபோல, யாரும் கண்டு மெச்சாத வேலை. தோட்டத்து நேயர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். பால்மரம் வெட்டியவர்களைக் கேளுங்கள்: கத்தி புதிதா பழையதா என்பதன்று காரியம், விடியுமுன் அதைத் தீட்டினாயா என்பதே காரியம்.

நம் வீட்டுப் பெண்டிர் எவர்சில்வர் என்று சொல்லும் உலோகத்தை எடுத்துக்கொள்வோம். துருவே பிடிக்காது என்று பெயர் பெற்றது. அது துருப்பிடியாமைக்குக் காரணம், காற்றிலுள்ள பிராணவாயு பட்டு அதன் மேல் படியும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம். அப் படலம் கீறுண்டாலும் காற்றுப் பட்டவுடன் தானே வளர்ந்துவிடும். ஆனால் காற்றுப் புகாத இடத்தில், மரப்பலகைக்கும் தளத்துக்கும் இடையே, உப்பு நீர் கசிந்து தேங்கி நின்றால், படலம் வளர வழியில்லை. அங்கே அந்த எஃகு அரிபட்டு உள்ளுக்குள்ளேயே வெடிக்கிறது. வெளியில் தெரியும் பகுதி முகம் பார்க்கும்படி மின்னிக்கொண்டிருக்கும். மறைந்த பகுதி செத்துக்கொண்டிருக்கும்.

பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள், படகின் உடலோடு எஃகுப் பட்டைகளில் பூட்டப்பட்டிருக்கின்றன. செயின்பிளேட் என்று நாங்கள் வழங்குவது அதைத்தான். அது தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும் இடமே நான் மேலே சொன்ன காற்றுப் புகாத இடம். பட்டை அறுந்தால் கம்பி போகும். கம்பி போனால் ஐம்பதடி மரம் சாயும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் வந்தது. கணவர், மனைவி, ஒன்பது வயதுச் சிறுவன். இந்துமாக்கடலைக் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போவதாகத் திட்டம். படகுக்கு வயது இருபத்தாறு. லிதியம் பேட்டரி, புதிய வழிகாட்டித் திரை, கடல்நீரைக் குடிநீராக்கும் யந்திரம் ஆகிய மூன்றையும் பொருத்தித் தரும்படி கேட்டார்கள். அதற்கென்று 18,000 வெள்ளி ஒதுக்கியிருந்தார்கள். நான் பேட்டரிக்குக் கம்பி இழுக்க உள்ளே போனவன், அலமாரியின் பின்புறத்தில் பழுப்புக் கோடு ஒன்று வடிந்திருப்பதைக் கண்டேன். அலமாரியைக் கழற்றிப் பட்டையைப் பார்க்க வேண்டும் என்றேன்.

“இது துருப்பிடிக்காத எஃகல்லவா? மேலே எவ்வளவு பளபளப்பாயிருக்கிறது பாருங்கள்” என்றார் கணவர். என் முதலாளியோ என்னைத் தனியே அழைத்து, கேட்ட வேலையை மட்டும் செய்யும்படி சொன்னார். திரை பொருத்துவதில் இலாபம் உண்டு. அலமாரி கழற்றுவதில் வாடிக்கையாளரின் மனக்கசப்பு உண்டு. அவர் கணக்கு அவருக்குச் சரி. ஆனால் அந்தச் சிறுவன் பாய்மரத்தடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தான். வேலை போனாலும் போகட்டும் என்று அந்த அம்மையாரிடம் நேரே சொன்னேன். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் திருகாணி முடுக்கியை எடுத்துவந்து தாமே அலமாரியைக் கழற்றத் தொடங்கினார்.

பட்டையைத் துடைத்துச் சிவப்புச் சாயத்தைப் பூசினோம். சிறிது நேரம் விட்டுத் துடைத்தோம். அதன்மேல் வெள்ளைப் பொடியைத் தெளித்தோம். விரிசலுக்குள் புகுந்திருந்த சாயம் பொடியின்மேல் ஊறி வெளிவரும். போல்ட்டுத் துளையிலிருந்து விளிம்பு வரையில் இரத்தக்கோடுபோல் ஒரு கீற்று எழுந்தது. கணவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு பட்டைகளில் மூன்று அவ்வாறே இருந்தன.

குடிநீர் யந்திரம் நிறுத்தப்பட்டது. அதற்கான பணம் பட்டைகளுக்கும் கம்பிகளுக்கும் போயிற்று.

இதனால் நான் புதுமைக்கு விரோதி என்று யாரும் கொள்ளலாகாது. பழையதெல்லாம் நன்று என்பாரோடு எனக்கு எந்நாளும் உடன்பாடில்லை. சிங்கப்பூர் நீரிணையில் இரவு முழுவதும் மலைபோன்ற கப்பல்கள் ஓயாது செல்கின்றன. அவற்றின் பெயரையும் திசையையும் வேகத்தையும் திரையில் காட்டும் கருவியை வேண்டாமென்பவன் வீரனல்லன், மூடன். சித்திரை முதல் கார்த்திகை வரையில் விடியற்காலையில் ‘சுமத்திரா’ என்னும் திடீர்ச் சூறை, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அறையும். அப்போது பாயைச் சுருட்ட நல்ல சாதனம் வேண்டும். வெள்ளிக்கிழமையில் பயணம் தொடங்கலாகாது என்று இன்றும் நம்பும் வெள்ளைக்கார மாலுமிகளை நான் கண்டிருக்கிறேன். நம்மூர் இராகுகாலத்துக்கு அவர்களிடமும் உறவினர் உண்டு போலும்! சனிக்கிழமை புறப்பட்டாலும், அரிபட்ட போல்ட்டுக்குக் கிழமை தெரியாது.

புதியதை வைக்குமுன் அது எதை எதைத் தன்னோடு இழுத்து வருகிறது என்று பார்க்க வேண்டும். லிதியம் பேட்டரி நல்ல பொருளே. எடை குறைவு, ஆயுள் அதிகம். ஆயினும் அது எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் விழுங்கிக்கொண்டேயிருக்கும். பழைய யந்திரத்தோடு வந்த ஆல்டர்னேட்டர் அவ் வேகத்துக்கு ஈடுகொடுக்க முயன்று சூடேறிக் கருகிவிடும். ஆகவே பேட்டரியை மாற்றுகிறவன் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவியையும், கம்பிகளையும், உருகியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். குடிநீர் யந்திரமும் அத்தகையதே: சில நாள் ஓட்டாமல் விட்டால் அதன் சவ்வில் கிருமி வளரும், குழாய்த் தண்ணீரால் கழுவலாமென்றால் அதிலுள்ள குளோரின் சவ்வை அழிக்கும், கரி வடிகட்டி வைத்தே கழுவ வேண்டும். இங்கு ஆண்டுக்குச் சுமார் 170 நாள் இடி முழங்குகிறது. படகுத்துறையில் ஒரு மின்னல் விழுந்தால், ஒரே நொடியில் அண்டையிலுள்ள படகுகளின் திரைகளும் கண்மூடும். அதன் பிறகு உதவுவது கைத்திசைகாட்டியும் காகித வரைபடமுமே.

உதிரிப் பொருள் வாங்க நான் வெகுதூரம் போவதில்லை. ஜாலான் புசார் பக்கத்து இரும்புக் கடைகளும், மின்னணுப் பொருளுக்குச் சிம் லிம் டவரும் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரமே. 2017 ஜூலையில் மூடப்பட்ட சுங்கை ரோடு பழம்பொருட் சந்தையில் நான் வாங்கிய வெண்கலக் கப்பி ஒன்று இன்னும் ஒரு படகில் உழைக்கிறது. போல்ட்டு வாங்குவோர் மட்டும் விழிப்பாயிருக்க வேண்டும். 304 என்னும் எஃகு சமையற் பாத்திரத்துக்குப் போதும். கடலுக்கு மாலிப்டினம் கலந்த 316 வேண்டும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய இயலாது.

கேரளத்தைச் சேர்ந்த அபிலாஷ் டோமி என்னும் கடற்படை வீரரின் கதை பலரும் அறிந்திருக்கலாம். 2018இல் உலகைத் தனியே சுற்றும் பந்தயத்தில் அவருடைய பாய்மரம் முறிந்து முதுகில் காயமுற்று, நடுக்கடலிலிருந்து மீட்கப்பட்டார். 2022இல் மீண்டும் அதே பந்தயத்தில் புறப்பட்டார். 1968ஆம் ஆண்டுக் காலத்துச் சாதனங்களைக் கொண்டே ஓட்ட வேண்டும் என்பது அப் பந்தயத்தின் விதி. காற்றின் துணையால் சுக்கானைத் திருப்பும் கருவி வழியில் பழுதுற்றபோது, அவர் படகின் கழிப்பறைக் கதவை அறுத்து அதற்கு உறுப்புச் செய்தார். 2023 ஏப்ரலில் இரண்டாமவராகக் கரை சேர்ந்தார். கதவை அறுக்கத் தெரிந்த கைக்குக் கடையில்லாத இடத்திலும் கடை உண்டு.

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும், கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்னும் 56 அடிப் பாய்க்கலத்தில் புறப்பட்டு, சுமார் 25,400 கடல்மைல் சென்று, 2025 மே மாதம் திரும்பினர். ஆண்துணை இன்றி இரு பெண்கள்! அதே கலம் 2018இல் ஆறு பெண்களோடு உலகைச் சுற்றி வந்தபோது, சுக்கான் பழுதால் மொரீசியசின் போர்ட் லூயிசில் ஒதுங்க நேர்ந்தது. ஆகவே இப் பெண்கள் பாய் விரிக்க மட்டும் கற்றவர்களல்லர். யந்திரம் திறக்கவும், பாய் தைக்கவும், கம்பி பிணைக்கவும் கற்றவர்கள். நம் வீடுகளிலோ விளக்கு எரியாவிட்டால் பெண்ணை நாற்காலியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஆண்பிள்ளையை ஏறச் சொல்கிறோம்.

அந்தக் குடும்பம் எங்கள் துறையில் ஏழு வாரம் தங்கிற்று. அம் மூன்று பட்டைகளும் வெட்டி வரும் வரையில் அம்மையார் என்னோடு நாள்தோறும் வேலை செய்தார். கயிறு சுற்றும் விஞ்சைப் பிரித்து, பழைய கொழுப்பை மண்ணெண்ணெயில் கழுவி, பற்சக்கரங்களுக்கு மெல்லிதாகப் புதுக் கொழுப்பிட்டு, சிறு தாழ்ப்பாள்களுக்குக் கொழுப்பின்றி எண்ணெய் மட்டுமே விட்டுப் பூட்டக் கற்றார். கொழுப்பிட்டால் தாழ்ப்பாள் ஒட்டிக்கொள்ளும். பாரம் ஏறிய கயிறு பின்னோக்கிச் சுழன்று கையை முறித்துவிடும். நீர் இறைக்கும் பம்பின் இரப்பர்ச் சக்கரத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு மாற்றிக் காட்டினார். இருட்டில் மாற்ற வேண்டிவரும் என்றாராம் சிறுவன்.

நான்கு மாதத்துக்குப் பின் இலங்கையின் காலித் துறைமுகத்திலிருந்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. நிக்கோபாருக்கு மேற்கே ஓர் இரவு, சுக்கான் கம்பி ஓடும் கப்பியின் ஊசி முறிந்ததாம். கணவர் கைச்சுக்கானைப் பிடித்துக்கொள்ள, சிறுவன் விளக்குப் பிடிக்க, நாற்பது நிமிஷத்தில் தாம் புதியது போட்டதாக எழுதியிருந்தார். கையிருப்பில் இருந்தது அது ஒன்றே என்றும், அதே அளவில் இன்னும் இரண்டு ஊசிகள் 316 எஃகில் வாங்கி அனுப்ப இயலுமா என்றும் கேட்டிருந்தார். மறுநாள் வேலை முடிந்ததும் ஜாலான் புசாருக்குப் போனேன்.