எழுதி அழித்த சொல்

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஒரு சின்ன கேம் கம்பெனியில் வேலை பார்த்தேன். சாட்டில் வரும் கெட்ட வார்த்தைகளைத் தடுக்கும் ஃபில்டருக்குச் சொற்பட்டியல் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. நாகர்கோவில்காரன், தமிழும் மலையாளமும் தெரியும் என்பதுதான் காரணம். பட்டியலில் உள்ள சொல்லை அடித்தால் திரையில் நட்சத்திரக் குறிகள் விழும். மூன்று முறை அடித்தால் ஒரு நாள் முழுக்க மியூட்.

பிள்ளைகள் ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார்கள் என்பதால் ஒரே வசவை ஏழெட்டு விதமாக எழுத வேண்டியிருந்தது. ‘பட்டி’ என்றால் மலையாளத்தில் நாய், சேர்த்தேன். கோவில்பட்டி, உசிலம்பட்டி என்று ஊர்ப்பெயர் அடிக்கிறவர்களும் மாட்டினார்கள். 1996-ல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களை, ஊர்ப்பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தை இருந்ததற்காக, ஏஓஎல் கணக்குத் தொடங்க விடாமல் தடுத்த கதை எனக்குத் தெரியும். தெரிந்தும் கவனிக்கவில்லை. அதைச் சொல்ல இதை எழுதவில்லை.

ஒரு சாதிப் பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டு அழித்தேன்.

சின்ன வயதில் வெயிலில் ஆடிவிட்டுப் புழுதியோடு வீட்டுக்குள் நுழைந்தால் ஆச்சி அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஏசுவாள். அம்மாவும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் நானும் சொல்லியிருக்கிறேன், அந்தச் சாதிப் பையன் பக்கத்து பெஞ்சில் இருக்கும்போதே. பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கு நேரேயும் அர்த்தம், எங்கே புழங்குகிறது என்ற விவரம் எழுத வேண்டும். அந்த இடத்தில் என்ன எழுதுவது? எங்கள் வீட்டில் என்றா? ‘இது வசவா, ஒரு சமுதாயத்தின் பெயர்தானே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வரியை நீக்கினேன். அந்தப் பெயரைப் பெருமையோடு சொல்கிறவர்கள் உண்டு, உண்மைதான். அன்று நான் அவர்களை நினைக்கவே இல்லை.

சாஸ்தமங்கலத்தில் குடியிருந்தேன். தினமும் பஸ் வெள்ளயம்பலத்தில் அய்யன்காளி சிலையைச் சுற்றித்தான் போகும். தன் சாதியினரை நடக்கவே விடாத பொதுச்சாலையில் 1893-ல் வில்லுவண்டி ஏறிப் போனவர். அந்த வரியை நீக்கிய மறுநாள் காலை சிலை வந்தபோது செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றேதான்.

ஒரு மாதம் கழித்து ஒரு பையனிடமிருந்து புகார் வந்தது. ஆட்டத்தில் தோற்றதும் கூட ஆடிய மூன்று பேர் அவனை அந்தப் பெயரால் மாறி மாறி ஏசியிருக்கிறார்கள். சாட் பதிவை எடுத்து எண்ணினேன்: பதினொரு முறை. ஒன்றைக்கூட ஃபில்டர் மறைக்கவில்லை. அவன் திருப்பி ‘பட்டி’ என்று மூன்று முறை அடித்திருந்தான். அவனுக்குத்தான் மியூட் விழுந்தது.

அன்று ராத்திரியே அந்தச் சொல்லைச் சேர்த்தேன். குறிப்பில் ‘விடுபட்டது’ என்று போட்டேன். மேலதிகாரியிடமும் அதையே சொன்னேன். பையனுக்குப் பதில் எழுதும் பொறுப்பும் என்னுடையதுதான். தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம் என்று மலையாளத்தில் எழுதி, கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

‘தேங்க்ஸ் சேட்டா’ என்று உடனே பதில் வந்தது. அந்தப் பையனுக்கு நான் இன்னும் உண்மையை எழுதவில்லை.