0 பாகையில் உறையாத தண்ணீர்
எங்கட இடது கையில இருக்கிற பிசிஜி தழும்பைப் பாருங்க. அந்த மருந்து குப்பிக்குள்ள வெள்ளைத் தூளாகத்தான் வரும். உறையவைத்து, வெற்றிடத்தில் ஐஸை நேரே ஆவியாக்கித்தான் இப்படித் தூளாக்குவார்கள்.

தண்ணீர் 0 பாகையில் உறையும் என்று படிப்பிக்கிறோம். ஆனால் தூசு துரும்பில்லாத குப்பியில் ஐஸ் முளைக்கப் பிடிமானம் இல்லை. மைனஸ் 10, 15 பாகை வரைக்கும் திரவமாகவே நிற்கும். ஒரு குப்பி இப்ப உறையும், பக்கத்துக் குப்பி பிந்தி. எங்கட வகுப்பு அமைதியாகிற மாதிரித்தான். பிந்தி, கூடுதல் குளிரில் உறைந்ததில் ஐஸ் பளிங்கு சின்னன். அது விட்டுப்போகிற துவாரமும் சின்னன், ஆவி வெளியேற நேரம் எடுக்கும். ஈரம் மிஞ்சினால் மருந்து கெடும். அந்தக் குப்பியும் ஒரு பிள்ளைக்குத்தானே போகும்?

அதனால் இப்ப சில ஆலைகளில், குளிர்ந்த குப்பிகள் இருக்கிற அறையில் வாயு அழுத்தத்தைக் கூட்டி, டக்கென்று திறந்து விடுகிறார்கள். அத்தனை குப்பியும் ஒன்றாக உறையத் தொடங்குகிறது.