விளக்கைச் சுற்றி ஒரு வளையம்

அருப்புக்கோட்டையில் ஒரு சின்ன டி.டி.பி. கடை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி... எந்த பேனராக இருந்தாலும் தலைக்குப் பின்னால் ஓர் ஒளிவட்டம் கேட்பார்கள். ‘‘நல்லா தகதகன்னு இருக்கணும்ணே’’ என்று சொல்லிவிட்டுத்தான் அட்வான்ஸையே எடுப்பார்கள். 20 வருடமாக அந்தத் தகதகப்பை விற்றுத்தான் கடைக்காரர் வீடு கட்டினார், மகளைக் கல்லூரியில் சேர்த்தார்.

வெளிச்சம் செய்வது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஃபோட்டோஷாப்பில் முதலில் கன்னங்கரேலென்று ஒரு லேயர். அதன் நடுவே மெத்தென்ற பிரஷ்ஷால் பெரிதாக ஓர் ஆரஞ்சு வட்டம், அதன்மேல் கொஞ்சம் சின்னதாக மஞ்சள், அதற்கும் மேல் பொட்டு அளவுக்கு வெள்ளை. மூன்றையும் காஸியன் பிளரில் கலைத்துவிட வேண்டும். வட்டம் பெரிதாகப் பெரிதாகக் கலைப்பும் அதிகம். மொத்தத்தையும் ஒன்றாக்கிப் புகைப்படத்தின் மேல் வைத்து, ‘ஸ்கிரீன்’ மோடுக்கு மாற்றினால் கறுப்பு காணாமல்போய் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். ஒரே திரையில் இரண்டு புரொஜெக்டர் அடித்தால் எப்படியோ, அப்படி. கறுப்பு எதையும் கூட்டாது. வெளிச்சம் மட்டும்தான் வெளிச்சத்தோடு சேரும். கதிர்கள் வேண்டுமா? புள்ளி புள்ளியாக ‘நாய்ஸ்’ தூவி, ரேடியல் பிளரில் ‘ஜூம்’ கொடுத்தால் நடுவிலிருந்து கோடுகள் சீறிக் கிளம்பும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கணினியில் சாதாரணப் படத்தில் வெள்ளைக்கு உச்சம் 255. அதற்கு மேல் ஒரு புள்ளிகூட ஏற்ற முடியாது. பக்கத்தில் இருக்கும் வெறும் வெள்ளைத்தாள் படமும் அதே 255தான். ஆனால், ஓரத்தில் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே போகும் வெள்ளை மட்டும் ‘ஜொலிக்கிறது.’ இந்த மாதிரி படங்களைப் பார்க்கும்போது, உண்மையான வெளிச்சம் பட்டதுபோலவே கண்ணின் பாப்பா சுருங்குகிறது என்று ஓஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் அளந்து காட்டினார்கள். கண்ணையே ஏமாற்றுகிற தொழில்!

இந்த ரகசியத்தைக் கடைக்காரர் எந்த கம்ப்யூட்டர் சென்டரிலும் கற்கவில்லை. அவருடைய அப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட். நூலில் சாக்பீஸ் தூள் தடவிக் கோடு அடித்து, எனாமல் பெயின்ட்டில் கடைப் பெயர் எழுதியவர். ‘‘விளக்கு எரியணும்னா விளக்கை வரையாதடா, சுத்தி இருட்டை வரை’’ என்று சின்ன வயதிலேயே மகனிடம் சொல்லியிருக்கிறார்.

பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. ஒரு வாரம் சாரத்தில் நின்று வரைந்ததை மெஷின் ஒரு மணி நேரத்தில் துப்பியது. மண்ணெண்ணெய் டப்பாவில் ஊறிய பிரஷ்கள் அப்படியே காய்ந்தன. மகன் அந்த ஃப்ளெக்ஸ் வேலைக்கே போனபோது அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடையைத் திறந்தபோதும் வாசலோடு நின்று, வாழ்த்திவிட்டுப் போய்விட்டார்.

எழுபதைத் தாண்டிய பிறகு என்ன தோன்றியதோ, சாயங்காலம் டீ குடிக்கிற சாக்கில் கடைக்கு வர ஆரம்பித்தார். வந்து சும்மா உட்கார்ந்தால் பரவாயில்லை. ‘‘என்னடா வெளிச்சம் இது? கத்தரிச்சு ஒட்டின மாதிரி இருக்கு. தெருவிளக்கைப் பார்த்ததே இல்லையா நீ?’’ என்பார். வாடிக்கையாளர் எதிரிலேயே!

ஒருநாள் இரவு, மகனுக்குப் பொறுக்கவில்லை. ‘‘சரிப்பா, எப்படி இருக்கும்னு நீங்க சொல்லுங்க. அப்படியே செய்யறேன்’’ என்று எதிரே இருந்த தெருவைப் படம் எடுத்து, கணினியில் போட்டார்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். விளக்கைச் சுற்றி ஒளியைப் பரப்பச் சொன்னார். ‘‘இன்னும் பெருசா. இன்னும்.’’ அதற்கு வெளியே ஒரு வளையம். வளையத்தின் ஓரத்தில் லேசாக வானவில் நிறம். நடுவிலிருந்து நாலாபக்கமும் முள்முள்ளாகக் கதிர். ‘‘அந்த வண்டி ஹெட்லைட்டுக்கும் போடு. அதுக்கு ரெண்டு மடங்கு.’’ பிறகு படம் முழுக்க மஞ்சள் கலந்த புகை மாதிரி ஒரு லேயர். ஒரு மணி நேரம் ஆனது. எதிர்க் கடையின் பெயர்ப்பலகையே படிக்க முடியாமல் கரைந்துபோனது.

‘‘இதேதான்!’’ என்றார் அப்பா, கையெழுத்துப் போடாத குறையாக.

மகன் சிரித்துவிட்டார். ‘‘இப்படி இருந்தா ரோட்டுல நடக்கவே முடியாதேப்பா.’’

‘‘ஆமா. அதான் நீ கடையைச் சாத்தி வண்டியில கூட்டிட்டுப் போற வரைக்கும் உக்காந்திருக்கேன்.’’

போன மாதம் அவர் சாக்கடையில் கால் விட்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்டதும், வாழைப்பழத் தோல் வழுக்கியது என்று சொன்னதும் அப்போதுதான் மகனுக்கு நினைவு வந்தது. திரையில் இருந்தது எஃபெக்ட் இல்லை. அப்பாவுக்குத் தெரியும் தெரு. அவர் எத்தனை நாளாக இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டதற்கு, ‘‘வயசானா எல்லாருக்கும் இப்படித்தானே தெரியும்?’’ என்றார்.

மறுநாள் கண் மருத்துவமனை. அந்தப் படத்தை போனில் காட்டினார் மகன். டாக்டர் அதை ஆர்வமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணின் லென்ஸ் மங்கும்போது உள்ளே வரும் வெளிச்சம் நேராகப் போகாமல் சிதறும். கணினியில் பிளர் செய்கிற அதே வேலைதான், கண்ணுக்குள்ளேயே நடக்கிறது. இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் கண் அழுத்த நோயாகவும் இருக்கலாம் என்பதால் அழுத்தத்தையும் பரிசோதித்தார்கள். அது சரியாக இருந்தது. இரண்டு கண்ணிலும் புரை.

புரை விழுந்த லென்ஸ் நிறத்தையும் மாற்றும். பழுப்பு ஏறுவதால் நீலம் மங்கி, மஞ்சள் தூக்கலாகும். பிரெஞ்சு ஓவியர் கிளாட் மொனே 1923-ல் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொள்வதற்கு முந்தைய ஆண்டுகளில் வரைந்த ஓவியங்கள் சிலவற்றில் சிவப்பும் பழுப்பும் அப்பிக் கிடப்பதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். அருப்புக்கோட்டை ஓவியருக்கு மொனேயைத் தெரியாது. முதல் கண்ணுக்குப் புது லென்ஸ் வைத்துக் கட்டுப் பிரித்ததும், மருத்துவமனைச் சுவரைக் காட்டி, ‘‘இது எப்ப நீலம் அடிச்சாங்க?’’ என்று கேட்டார்.

இரண்டாவது கண்ணும் முடிந்து சில வாரங்கள் கழித்து, இருட்டிய பிறகு தனியாக நடந்தே கடைக்கு வந்தார். எதிரே இருந்த தெருவிளக்கைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். ‘‘வளையத்தைக் காணோம்டா. அழகாத்தான் இருந்துச்சு’’ என்றார். பிறகு உள்ளே வந்து, திரையில் இருந்த காதுகுத்து பேனரை உற்றுப்பார்த்தார்.

‘‘குழந்தை மூஞ்சியைவிட வெளிச்சம் பெருசா இருக்கு. பாதியாக் குறை.’’

மகன் ஒபாசிட்டியை 50-க்கு இறக்கினார். குழந்தையின் முகம், கன்னத்துத் திருஷ்டிப் பொட்டோடு தெளிவாக வெளியே வந்தது.

மறுநாள் காலையில் தாய்மாமன் வந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, ‘‘என்னண்ணே, தகதகப்பைக் காணோம்?’’ என்றார். கடைக்காரர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டார். ஒபாசிட்டி 80-க்கு ஏறியது.