கூர்க்கா வீட்டுத் துப்பாக்கி

எங்கள் தெருவில் இருபது வருஷம் விசில் ஊதிய கூர்க்காவை உங்களுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் தெருவிலும் ஒருவர் இருந்திருப்பார். நடுராத்திரியில் தடியால் தரையைத் தட்டி, நன்றாகத் தூங்குகிறவனை எழுப்பி, 'பயமில்லாமல் தூங்கு' என்று சொல்லாமல் சொல்லிவிட்டுப் போகிறவர். ஒண்ணாம் தேதி வாசலில் ஒரு சலாம். பத்து ரூபாய்.

2015 ஏப்ரல் 25 பூகம்பத்தில் வீடு விழுந்துவிட்டது என்று ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. திடீரென்று ஒருநாள் போன். "சார், வீட்ல கொள்ளுத்தாத்தா துப்பாக்கி ஒண்ணு இருக்கு. ஒரு புரோக்கர் வந்து டூப்ளிகேட்னு சொல்றான். நம்ம கேஷியர் சார் பார்த்தா சொல்லிடுவாரு இல்ல?"

கேஷியர் என் நண்பன். பாங்க்கில் கள்ள நோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே கண்டுபிடிப்பான் என்று பெயர். (அவனே வைத்துக்கொண்ட பெயர்.) நோட்டுக்கும் துப்பாக்கிக்கும் என்னடா சம்பந்தம் என்றேன். "டூப்ளிகேட்னா எல்லாம் ஒண்ணுதான்" என்று லீவு போட்டுவிட்டான்.

ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர். அங்கிருந்து சோனாலி எல்லை. பாஸ்போர்ட் வேண்டாம், வாக்காளர் அட்டை போதும். நம் நூறு ரூபாய்க்கு நேபாள ரூபாய் 160 என்றதும் கேஷியர் முகத்தில் திடீர்ப் பணக்காரக் களை. ராத்திரி பஸ் மலை வளைவுகளில் எங்களைக் குலுக்கி எடுத்துக் காலையில் காத்மாண்டுவில் கொட்டியது.

கூர்க்கா காத்திருந்தார். நேபாளியில் அண்ணனை 'தாய்' என்கிறார்கள். இருபது வருஷம் 'யோவ் கூர்க்கா' என்று கூப்பிட்டதற்குப் பிராயச்சித்தமாக 'தாய்... தாய்...' என்று அழைக்க ஆரம்பித்தோம். அவருக்கு ஒரே வெட்கம்.

முதலில் சௌனி மியூசியம். குரங்குகள் ராஜ்யம் நடத்தும் சுவயம்பு குன்றுக்குப் பக்கத்தில், பீம்சென் தாபா ஆயுதக் கிடங்காகக் கட்டிய கட்டடம். 1792 போரில் திபெத்தியரிடமிருந்து பிடித்த தோல் பீரங்கி இங்கே இருக்கிறது. ஆமாம், தோல்தான்! "செருப்புக் கடையில பீரங்கி" என்றான் கேஷியர். பிரான்ஸின் மூன்றாம் நெப்போலியன் கொடுத்த வாளும் உண்டு.

பிறகு நுவாகோட் பஸ். பிருத்வி நாராயண் ஷாவின் ஏழடுக்கு அரண்மனை இருக்கும் ஊர். அரண்மனையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் துப்பாக்கிக்கு இடமிருக்காது. வீட்டுக்குப் போவோம்.

பாதிச் சுவர் புதுசு, பாதி பழசு, மேலே தகரம். உள்ளே சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தத் துப்பாக்கி. அது எப்படி வீட்டுக்கு வந்தது என்பதற்குக் குடும்பத்தில் மூன்று கதைகள். மூன்றிலும் கொள்ளுத்தாத்தாதான் ஹீரோ. லைசென்ஸ் காகிதத்தை பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். இருபது வருஷத்தில் அவர் பெயரை நான் அன்றைக்குத்தான் படித்தேன்.

கேஷியர் ஆர்வமாகத் தூக்கி என் வயிற்றை நோக்கித் திருப்பினான். "சார்!" என்று கூர்க்கா போட்ட சத்தம், எங்கள் தெருவில் எந்தத் திருடனும் கேட்காதது. "காலித் துப்பாக்கின்னு ஒண்ணு கிடையாது சார். திறந்து பார்க்கணும். பார்த்தா போதாது, விரலை விட்டுத் தடவணும்." குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கைப்பிடிக்குக் கீழே இருந்த நெம்புகோலை இழுத்தார். உள்ளே ஒரு இரும்புக் கட்டை 'டக்'கென்று முன்பக்கம் சரிந்தது. தோட்டா இல்லை.

அப்போதுதான் என் மூச்சும் திரும்பி வந்தது. 1871-லிருந்து பிரிட்டிஷ் ராணுவம் வைத்திருந்த மார்ட்டினி-ஹென்றியின் ஜாடை அப்படியே. புரோக்கர் சொன்னதும் அதுதான்: "மார்ட்டினி மாதிரி இருக்கு. ஆனா கிரீடம் இல்லை, கீழே ராணியோட 'வி.ஆர்.' இல்லை, என்ஃபீல்டு பேரும் இல்லை. டூப்ளிகேட். பழைய இரும்பு." எட்டாயிரம் தருகிறேன் என்றானாம். நேபாளப் பணம். நம் கணக்கில் ஐயாயிரம். கூரைக் கடனுக்கு அது ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் அவர் கேட்டது கடனைப் பற்றி இல்லை. "கொள்ளுத்தாத்தா டூப்ளிகேட் துப்பாக்கியா வச்சிருந்தாரு சார்?"

கேஷியர் சீரியஸானான். சட்டைப்பையிலிருந்து ஒரு பாங்க் சலானை எடுத்து, மடித்து, குழலின் அடிப்பக்கம் செருகி டார்ச் அடித்தான். வெள்ளைக் காகிதத்தில் பட்ட வெளிச்சத்தில் மேல்வாய் வழியாக உட்பக்கம் தெரிந்தது. துரு அரித்த பள்ளங்கள். நடுவே மரைக்கோடுகள் இன்னும் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பிறகு எழுத்துகள். எல்லாம் நாகரி. குழலில் ஒரு எண், நெம்புகோலில் அதே எண், உள்கட்டையில் வேறு எண். "வேற ஆளோட பல்லு கட்டியிருக்காங்க" என்றார் கூர்க்கா.

பக்கவாட்டில் நாலு இலக்கம். இந்தி ஒன்று, ஒன்பது மாதிரியே இருக்கும்; பிராத்மிக்கில் இதே குழப்பத்தில் இரண்டு தடவை கோட்டைவிட்டவன் கேஷியர். திணறிப் படித்தான். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து... நாப்பத்தேழு. நமக்குச் சுதந்திரம் வந்த வருஷம். அப்ப இது புதுசுதாண்ணே..."

கூர்க்கா சிரித்துவிட்டார். "அது எங்க வருஷம் சார். விக்ரம் சம்வத். உங்களுக்குச் சித்திரை ஒண்ணு வர்றப்பதான் எங்களுக்கும் புது வருஷம். அம்பத்தேழு கழிங்க."

கழித்தோம். 1890!

நான் படித்துவிட்டுப் போனது அங்கேதான் பொருந்தியது. நவீனத் துப்பாக்கிகளை நேபாளத்துக்குத் தர வெள்ளைக்காரர்களுக்கு மனசில்லை. எங்கே நம் பக்கமே திருப்பிவிடுவார்களோ என்ற பயம். 1814-லிருந்து 1816 வரை கூர்க்காக்களோடு சண்டை போட்டுப் பார்த்தவர்களாயிற்றே. தராவிட்டால் போ என்று பிரதமர் வீர் ஷம்ஷேரின் மகன் கஹேந்திர ஷம்ஷேர் உள்நாட்டிலேயே செய்ய வைத்தார். வெளியே மார்ட்டினி ஜாடை. உள்ளே சுருள்வில்லுக்குப் பதில் தட்டைவில். ஒவ்வொன்றும் கையால் அரம் போட்டுச் செய்தது. ஒன்றின் உறுப்பு இன்னொன்றில் லேசில் பொருந்தாது. அதனால்தான் பாகத்துக்குப் பாகம் நம்பர். காத்மாண்டுவின் பழைய அரண்மனைக் கிடங்கு ஒன்றில் இந்த மாதிரிப் பழந்துப்பாக்கிகள் ஐம்பதாயிரத்துக்கு மேல் தூங்கிக் கிடந்தன. 2003-ல் அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கிப்போனார்கள்.

"அப்ப கிரீடம்?" என்றார் கூர்க்கா, விடாமல்.

கேஷியர் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அண்ணே, கள்ள நோட்டு அடிக்கிறவன் காந்தி படம் இல்லாம அடிப்பானா? கிரீடம் இல்லாததுதான் இது ஒரிஜினல்ங்கிறதுக்கே சாட்சி!"

வாஸ்தவம். கைபர் கணவாய்ப் பக்கம் தர்ரா ஆதம் கேலில் செய்த போலிகளில் கிரீடம் ஜம்மென்று இருக்கும். என்ஃபீல்டு என்பதில்தான் எழுத்து தலைகீழாகும். 1901-ல் காலமான விக்டோரியாவின் முத்திரை அதற்கப்புறமான வருஷத்திலும் விழுந்திருக்கும்.

உணர்ச்சிவசப்பட்ட கேஷியர், "நானே வாங்கிக்கிறேண்ணே" என்று பர்ஸை எடுத்தான். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் நேபாளத்தை விட்டு வெளியே போக முடியாது. தப்பிப் போனாலும் சோனாலியில் நம் போலீஸ் மாலையோடு காத்திருக்காது என்றேன். பர்ஸ் உள்ளே போனது. சுட்டுப் பார்க்கலாமா என்றான் அடுத்து. "சுட்டா, எதிரிக்கு முன்னாடி நாம போயிடுவோம் சார்" என்றார் கூர்க்கா.

கிளம்பும்போது தயங்கித் தயங்கி, "டூப்ளிகேட் இல்லேன்னு எழுதிக் குடுங்க சார்" என்றார். கேஷியர் அதே சலானின் பின்பக்கம் இங்கிலீஷில் நாலு வரி எழுதி, தேதி போட்டு, செக்கில் போடுகிற நீளக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தான். அந்தக் காகிதத்தைக் காட்டிப் புரோக்கரிடம் விலையை ஏற்றப் போகிறாரா, சுவரிலேயே மாட்டப் போகிறாரா, நாங்கள் கேட்கவில்லை. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் சலானை நாலாக மடித்து, லைசென்ஸோடு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.