மனைக்கல் ஓரத்துப் பூக்கள்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை விட்டுக் குத்தம்பாக்கத்துக்குள் திரும்பினால் வயலாக இருந்து மனையான நிலங்கள் கிடக்கின்றன. வெள்ளையடித்த மனைக்கற்கள், பாதியில் நின்ற சுற்றுச்சுவர், ஒரு வளைவு, அதன்மேல் நகரின் பெயர். அங்கே காவல் இருப்பவருக்கு இரவு டூட்டி முடிந்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்குப் போகவில்லை. தொப்பியைக் கழற்றி ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு, புல்லுக்குள் குந்தியபடியே நகர்ந்துகொண்டிருக்கிறார். ஐம்பதை ஒட்டிய வயது. நீலச் சட்டை தோள்பட்டையில் வெளுத்திருக்கிறது.

டீக்கடை பெஞ்சிலிருந்து பார்க்கிறவனுக்கு முதலில் ஒன்றும் புரியாது. அவர் கையில் போன் இருப்பது பிறகுதான் தெரியும். இன்னொரு கையில் பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் பூதக்கண்ணாடி. அதைக் கேமராவோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்குகிறார். கண்ணாடி வைத்தபின் அரை அங்குலம் முன்னே போனாலும் பின்னே வந்தாலும் படம் மங்கிவிடும். அதனால் போனை அசைக்காமல் உடம்பையே முன்னும் பின்னும் சாய்க்கிறார். நெடுஞ்சாலையில் லாரி போகிறது, காற்று வந்து தண்டு ஆடுகிறது, காத்திருக்கிறார். தும்பையிடம் வந்ததும் எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்து, தன் நிழலைச் செடிமேல் விழ வைக்கிறார். வெயிலில் எடுத்தால் வெள்ளைப் பூ வெறும் வெளிச்சமாகத்தான் பதியும். இதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வாய்ப்பில்லை.

அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. விஷ்ணுகிராந்தியின் நீலமும் கானாம்வாழையின் நீலமும் காலையோடு சரி. உச்சி வெயில் ஏறுமுன் இரண்டும் மூடிக்கொள்ளும். தூங்கி எழுந்து வரலாம் என்றால் எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. கீழாநெல்லிக்கு நேரம் பிரச்சினையில்லை, முதுகுதான் பிரச்சினை. அதன் பூ கடுகளவு. இலைகளுக்கு அடியில் வரிசையாகத் தொங்கும். காவலாளி யூனிஃபார்மோடு மல்லாந்து படுத்துவிட்டார். அந்த வழியே சைக்கிளில் போன பையன் இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போனான்.

அதிக நேரம் அவர் நின்றது தாத்தா பூவிடம். பிள்ளைகள் விரலால் சுண்டித் தலையைப் பறக்கவிடுவார்களே, அதே பூ. வெட்டுக்காயப் பூண்டு என்றும் சொல்வார்கள். பூதக்கண்ணாடி வழியே அது ஒற்றைப் பூவாக இருப்பதில்லை. நடுவில் மஞ்சள் குழல்களாகப் பல பூக்கள், சுற்றிலும் பெரும்பாலும் ஐந்தே ஐந்து வெளிர்ப் பூக்கள், அவை ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல். ஒரு கூட்டத்தைத்தான் நாம் ஒரு பூ என்கிறோம். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி அது. சென்னையின் எந்த வாசலிலும் இன்று அதை வெளியூர்க்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எடுத்து முடித்ததும் போனில் ஏதோ தட்டுகிறார். டீக்கடைக்காரரின் போனில் டிங் என்கிறது. குட் மார்னிங் படம். நம் வாட்ஸாப் குழுக்களில் தினமும் விடிவது துலிப் தோட்டங்களிலும் பனித்துளி ரோஜாவிலும். இந்தக் கடைக்காரருக்கு மட்டும் தெருவோரத் தும்பையில் விடிகிறது.

குத்தம்பாக்கத்துக்கு முன்பும் ஆட்கள் வந்தார்கள். 1996-இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ ரங்கசாமி, தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரு சுவரைப் பகிர்ந்து வாழும் இரட்டை வீடுகளைக் கட்டிக் காட்டினார்; அதைப் பார்க்க வந்தார்கள். ஏறக்குறைய 25 ஏக்கரில் சிஎம்டிஏ பேருந்து நிலையம் என்று ஆனபின் மனை விலை கேட்க வருகிறார்கள். செடியைப் பார்க்க யாரும் வந்ததாகத் தெரியவில்லை. செடிகள் இன்னும் இருப்பதற்கு ஒரு வகையில் நன்றி சொல்ல வேண்டியது மனை வாங்கியவர்களுக்குத்தான். பத்திரம் முடித்துப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் வீடு கட்டாமல் விடுகிறார்களே, அந்தச் சோம்பலில்தான் புறநகரின் செடிகள் பிழைத்துக் கிடக்கின்றன. புதிதாக யாரையாவது அழைத்துவந்து மனையைக் காட்டுவதற்கு முதல் நாள் ஜேசிபி வரும். அதோடு எல்லாம் வழித்தெடுக்கப்படும்.

புல்லறுக்க வந்த அக்கா ஒருத்தி, அறுபதைத் தாண்டியிருக்கும், காவலாளியின் அருகே நின்றாள்.

“இன்னா தம்பி தேடறே? சாவி கீவி வுழுந்துச்சா?”

“இல்லக்கா. பூ எடுக்கறேன்.”

“இதுல இன்னா பூவு கீது?”

போனைக் காட்டினார். அவள் எட்டப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மஞ்சள் பூ ஒன்று, திரை முழுக்க.

“இலையக் காணோமே. மஞ்சப் பூவுன்னா நெருஞ்சியும் மஞ்சதான், நாய்க்கடுகும் மஞ்சதான், அரிவாமனைப் பூண்டும் மஞ்சதான். இது எதுன்னு நான் கண்டேன்?”

“அதோ அங்கதாங்க்கா எடுத்தேன்.”

அவள் போய் ஓர் இலையைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தாள். “நாய்க்கடுகு. தொட்டா பிசுபிசுங்குது பாரு.” பிறகு, போகிற போக்கில், “களை எடுக்கறவளுக்குப் பூவு எதுக்குத் தம்பி? பூக்க வுட்டா வெத வுழுந்துடும்ல. ரெண்டு எல வுடறப்பவே தெரியணும்.”

படம் எடுப்பவர்களைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் கேட்டதில்லை. நாம் செடியை அது பூக்கும்போதுதான் பார்க்கத் தொடங்குகிறோம். அவள் பார்த்து முடித்துவிடுவது அதற்கு முன்பே.

தாவரவியலும் அவள் பக்கம்தான். தாவரவியலாளர் கேம்பிள் 1915-இல் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரத் தொகுப்பு, 1925-இல் அவர் இறந்தபின் ஃபிஷர் கைக்குப் போய் 1936-இல் முடிந்தது. நடுவில், 1929-இல், எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பி.வி. மயூரநாதன் சென்னை நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பூக்கும் செடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு நூல் செய்தார். வீட்டுக்குப் பக்கத்துச் செடிகளுக்கு ஒரு முழு நூல், அதுவும் அந்தக் காலத்தில். இப்படிப்பட்ட நூல்களில் செடியை அடையாளம் காண நிறம் மட்டும் உதவாது. இலை எதிரெதிரே நிற்கிறதா மாறி மாறி நிற்கிறதா, தண்டில் ரோமம் உண்டா, காய் எப்படி வெடிக்கிறது என்று கேட்டுக்கொண்டே போவார்கள். இன்றைய ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற தளங்களிலும் இதே கதைதான்: பூ மட்டும் உள்ள படத்துக்கு உறுதியாகப் பெயர் சொல்லப் பல நேரம் ஆள் கிடைக்க மாட்டார்கள்.

காவலாளிக்கு இந்த நூல்களெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் மறுபடி குந்தி, நாய்க்கடுகின் இலையைப் புரட்டி அடிப்பக்கத்தை எடுத்தார். பிறகு நீட்டமான காயை. பிசுபிசுப்பை எடுக்க வழியில்லை என்பதால் விரலை மோந்து பார்த்துவிட்டுச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

வாசலில் போனோடு குனிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பூவுக்கு ஒரு படம் எடுத்தால் இலைக்கு இரண்டு எடுங்கள், மேலே ஒன்று, அடியில் ஒன்று. காய் இருந்தால் அதையும் விடாதீர்கள். இடமும் தேதியும் போன் தானே எழுதிக்கொள்ளும், இடத்தைப் பதிய விட்டிருந்தால். பெயருக்குச் செயலியைத் திறக்குமுன் உங்கள் தெருவில் களையெடுத்த பாட்டி யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.