விடுப்பில் நிற்கும் விமானிகள்

சில சொற்கள் நாடு விட்டு நாடு செல்லும்போது தம் பொருளையும் மாற்றிக்கொள்கின்றன. 'பர்லோ' என்னும் சொல் அவற்றுள் ஒன்று. டச்சு மொழியில் விடுப்பைக் குறித்த இச்சொல், ஆங்கிலத்திற் புகுந்து, படைவீரர் தம் ஊருக்குச் சென்றுவரப் பெறும் விடுப்பைக் குறிக்கலாயிற்று. நம் நாட்டிலோ சிறைவாசிக்கு வழங்கப்பெறும் தற்காலிக விடுப்பைச் சொல்ல அது பயன்படுகிறது. அமெரிக்க விமானத் துறையில் அதன் பொருள் இவ்விரண்டினும் கடுமையானது. பணி இல்லை, ஊதியம் இல்லை, ஆயினும் வேலைநீக்கம் என்று பெயரும் இல்லை. அழைக்கும் வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

2004ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள ஒரு நகரில், மகளின் இல்லத்தில் மூன்று திங்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அண்டை வீட்டார் விமானப்படையில் பதினோர் ஆண்டுகள் பணியாற்றி, 1999இல் ஒரு பெரிய பயணிகள் விமான நிறுவனத்தில் சேர்ந்தவர். நாம் கண்டபோது அவர் நாள்தோறும் விடியலில் எழுந்து மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தை ஓட்டிச் சென்றுகொண்டிருந்தார். முந்தைய ஆண்டே அவர் 'பர்லோ'வில் வைக்கப்பட்டிருந்தார். வேறு நிறுவனத்தில் சேர்ந்துவிடலாமே என்று நாம் வினவினோம். அவர் சிரித்துவிட்டுத் தம் எண்ணைச் சொன்னார்.

அந்த எண்ணைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அமெரிக்க விமானியின் வாழ்வைப் பெரிதும் நிர்ணயிப்பது, நிறுவனத்தில் அவர் சேர்ந்த நாளைக் கொண்டு அமையும் பணிமூப்பு எண்ணேயாகும். எவ்வகை விமானத்தை ஓட்டுவது, தலைமை விமானியாகவா துணை விமானியாகவா, எந்த நகரைத் தளமாகக் கொள்வது, பண்டிகை நாளில் வீட்டில் இருப்பதா வானில் இருப்பதா ஆகிய அனைத்தும் அவ்வெண்ணின் வழியே முடிவாகின்றன. வேறு நிறுவனத்திற்குச் சென்றால் பட்டறிவு உடன் வரும், எண் வராது. ஐம்பது வயதுடையவரும் அங்கே பட்டியலின் கடைசியில், தம் மகன் வயதினருக்குக் கீழே நிற்க வேண்டும். ஆதலால்தான் பள்ளிப் பேருந்து ஓட்டியேனும் காத்திருக்கிறார்கள்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் இவ்வாறு காத்திருந்தோர் பல்லாயிரவர். யுனைடெட் நிறுவனம் மட்டுமே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட விமானிகளை வெளியே நிறுத்தியது. டிடபிள்யூஏ விமானிகளின் கதை இன்னும் துயரமானது. 2001 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் சொத்துகளை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபின், பட்டியல்களை ஒன்றாக்கியபோது, அவர்களுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்கன் விமானிகள் அனைவருக்கும் கீழே வைக்கப்பட்டனர். நீண்டகாலம் பணிபுரிந்தோரும் ஒரு கையெழுத்தில் புதியவர் ஆயினர். ஆட்குறைப்பு வந்தபோது முதலில் வெளியேறியோரும் அவர்களே. தம் சங்கமே தமக்காக நேர்மையுடன் வாதாடவில்லை என அவர்கள் தொடுத்த வழக்கில், 2011இல் நியூஜெர்சி கூட்டாட்சி நீதிமன்ற நடுவர் குழு அவர்கள் பக்கமே தீர்ப்புரைத்தது. பத்தாண்டுகள் கடந்து வந்த தீர்ப்பு!

நம் அண்டை வீட்டார் மிகவும் அஞ்சியது பணி அட்டவணை முறையின் மாற்றத்தையே என்றால் வாசகர் வியக்கக்கூடும். நாமும் முதலில் வியந்தோம். ஒருநாள் மாலை அவர் சமையலறை மேசையில் தாளை விரித்துக் கணக்கிட்டுக் காட்டினார்.

பழைய முறையில், மாதத்தின் பயணங்களையெல்லாம் நிறுவனம் முன்கூட்டியே கட்டுகளாகக் கட்டி அச்சிட்டு வெளியிடும். மூத்தவர் முதலாக ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய கட்டை எடுத்துக்கொள்வர். ஒருவருடைய ஆண்டு விடுப்பு நாளும் அவர் எடுத்த கட்டிலுள்ள பயண நாளும் மோதினால், அப்பயணம் அவர் கணக்கிலிருந்து விலகும். நான்கு நாள் பயணத்தில் ஒரு நாள் மோதினாலும் நான்கு நாளும் விலகும். பட்டறிவுடையோர் இதனைக் கணக்கிட்டே கட்டைத் தேர்ந்து, ஒரு வார விடுப்பை இரண்டு மூன்று வாரமாக்கிக்கொள்வர். விலகிய பயணத்தை ஓட்ட வேறொருவர் வேண்டுமல்லவா? அந்த வேறொருவருக்காகவே நிறுவனம் கூடுதல் விமானிகளை வைத்திருக்க வேண்டியிருந்தது.

புதிய முறையில் அச்சிட்ட கட்டுகள் இல்லை. விமானி தம் விருப்பங்களைக் கணினியில் பதிவார். கணினி அவருடைய விடுப்பையும் பயிற்சி நாளையும் முதலிலேயே அறிந்து, அவற்றோடு மோதாதபடி அவருக்கென ஓர் அட்டவணையை நெய்து தரும். மோதல் இல்லையெனில் விலகும் பயணமும் இல்லை. அதை ஓட்ட ஆளும் தேவையில்லை. மூத்தவருக்கு இழப்பு சில ஓய்வு நாள்கள். பட்டியலின் அடியில் நிற்பவருக்கு இழப்பு வேலையே.

அமெரிக்க விமானத் துறையை 1936 முதல் கட்டுப்படுத்துவது, இருப்புப்பாதைத் தொழிலாளருக்காக 1926இல் இயற்றப்பட்ட சட்டமே. அதன்படி ஒப்பந்தம் காலாவதியாவதில்லை; திருத்தப்படும் வரை தொடரும். நடுவண் வாரியம் விடுவித்த பின்னரே, அதுவும் முப்பது நாள் பொறுத்தே, வேலைநிறுத்தம் செய்ய இயலும். ஆகவே பேச்சுவார்த்தைகள் ஆண்டுக்கணக்கில் நீளுகின்றன. நிறுவனம் திவாலானால் நீதிமன்றமே ஒப்பந்தத்தை நீக்க அனுமதிக்கலாம் என்ற அச்சமும் உண்டு. அச்சத்தில் நடக்கும் பேரத்தில் ஊதியமும் ஓய்வூதியமும் முதலில் வாதிடப்படும். அட்டவணை முறை ஏதோ அலுவலக நடைமுறைபோலப் பின்பக்கத்தில் எழுதப்பட்டுவிடும். பின்பக்கத்தையும் ஊன்றிப் படிப்போர் வெளியே நிற்பவர்களே என்பது நம் கருத்து.

புதிய முறை முழுவதும் தீமை என்று கூறுவதும் நேர்மையன்று. குழந்தையின் பிறந்தநாளுக்கு மட்டும் வீட்டில் இருக்க விழையும் தந்தைக்குக் கட்டைவிடக் கணினியே உதவும். ஆனால் கணினியும் தவறும். 2017 டிசம்பருக்கான அட்டவணையில் ஒரு கோளாறு காரணமாக அமெரிக்கன் விமானிகளுள் தேவைக்கு மிகுதியான பலருக்கு விடுப்புக் கிடைத்துவிட்டது. விமானியில்லாமல் நின்ற பயணங்களை ஓட்ட முன்வருவோருக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தருவதாக நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது.

நம் அண்டை வீட்டாருக்கு 2007இல் அழைப்பு வந்ததாக மகள் எழுதினாள். வேறொரு நகரில், துணை விமானியாக, தொலைபேசி ஒலிக்குமா என்று காத்திருக்கும் இருப்புப் பணியில் சேர்ந்தாராம். அவ்வாண்டு டிசம்பரிலேயே விமானிகளின் ஓய்வு வயதை 60இலிருந்து 65 ஆக உயர்த்தும் சட்டம் வந்தது. மேலே இருந்தோர் இறங்கவில்லை. ஆதலால் அவர் எண்ணும் ஏறவில்லை.

2020இல் கொள்ளைநோய் விமானங்களைத் தரையில் நிறுத்தியபோது மீண்டும் இதே கணக்கு எழுந்தது. ஊதியத்துக்கான அரசு உதவி செப்டம்பரோடு முடியவிருந்தது. அக்டோபர் முதல் நாள் அமெரிக்கன் நிறுவனத்தில் ஏறத்தாழ 1,600 விமானிகள் வெளியே நின்றனர்; டிசம்பரில் அரசு உதவி புதுப்பிக்கப்பட்ட பின்னரே மீண்டும் அழைக்கப்பட்டனர். யுனைடெட் விமானிகளோ அச்செப்டம்பரிலேயே வாக்களித்து, பணியிலிருப்போரின் பறக்கும் நேரத்தையும் அதற்கேற்ற ஊதியத்தையும் குறைத்துப் பங்கிட்டுக்கொள்ள இசைந்தனர்.  2,850 பேர் அம்முறை 'பர்லோ'வில் வைக்கப்படவில்லை.